சாக்ஸில் ஒளித்த தேன் மிட்டாய்

செஞ்சிக் கோட்டைக்குப் போன எங்கள் பள்ளிச் சுற்றுலாவில் ஒரு பிள்ளையின் கையிலும் மிட்டாய் இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம்.

அப்போது நான் திண்டிவனத்தில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதிலேயே எனக்கு டைப் ஒன் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உடம்பு தானாக இன்சுலின் சுரக்காது. நாளைக்கு நான்கு முறை ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் எங்கள் தெரு அதை அவ்வளவோடு விடவில்லை. வந்தவர்களெல்லாம், "நெறைய மிட்டாய் தின்னுச்சா?" என்று அம்மாவைக் கேட்டார்கள். இது தின்று வருகிற நோய் இல்லை என்று சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

சுற்றுலா அறிவிப்பு வந்தபோது டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மற்றவர்கள் ராஜகிரி மலை ஏறிவிட்டு வரும்வரை நான் வேனில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்றார். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் உச்சிக்கிளை வரை ஏறி இறங்குகிறவளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? வீட்டுக்குப் போய் அடம்பிடித்தேன். சாப்பிடாமல் அடம்பிடிக்கும் வசதியும் எனக்கு இல்லை. ஊசி போட்டுவிட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும்; இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கி மயக்கம் வந்துவிடும். அதனால் சாப்பிட்டுக்கொண்டே அழுதேன். இரண்டாம் நாள் அம்மா பள்ளிக்கு வந்து, தானும் கூட வருவதாகச் சொல்லி அனுமதி வாங்கினாள்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீச்சருக்கு நல்ல மனசு. என் கண்முன்னால் யாரும் தின்று என்னை ஏங்க வைக்கக் கூடாது என்று, சுற்றுலாவுக்கு ஒருவரும் இனிப்பு கொண்டுவரக் கூடாது என அறிவித்துவிட்டார். மொத்த வகுப்பும் திரும்பி என்னை முறைத்தது. என் உயிர்த்தோழி ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. நானோ, புறப்படுவதற்கு முதல்நாளே பள்ளிக்கு எதிர்க்கடையில் தேன் மிட்டாய் பாக்கெட் ஒன்று வாங்கி, காலையில் அதை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டுதான் வேனில் ஏறினேன். எனக்காகத் தியாகம் செய்த அத்தனை பேருக்கு நடுவில் திருடி நான் ஒருத்திதான்.

ஊசி போடும் இன்சுலின் பேனாவைக் குளிர்ந்த பிளாஸ்கில் வைத்து வேனிலேயே விட்டாயிற்று. சர்க்கரை பார்க்கும் மெஷின், ஜூஸ் பாக்கெட், குளுக்கோஸ், பிஸ்கட் எல்லாம் அம்மாவின் துணிப்பையில் இருந்தன. அம்மா அதற்குமுன் மலை எதுவும் ஏறியதில்லை. பத்துப் படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். நான் முன்னால் ஓடுவேன்; மறுபடி இறங்கி வந்து அம்மாவைப் பார்ப்பேன்; மறுபடி ஓடுவேன். மற்றவர்கள் ஒருமுறை ஏறிய மலையை நான் இரண்டுமுறை ஏறிக்கொண்டிருந்தேன்.

பாதி வழியில் அம்மா பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எங்கிருந்தோ வந்த குரங்கு அதைத் தூக்கிக்கொண்டு மதிலில் ஏறிவிட்டது. எங்களைப் பார்த்துக்கொண்டே ஜூஸ் பாக்கெட்டைக் கடித்து உறிஞ்சியது. பிஸ்கட்டைத் தின்று தீர்த்தது. குளுக்கோஸைக் கிழித்துத் தலையில் கொட்டிக்கொண்டது. மெஷினை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, பயனில்லை என்று முடிவுசெய்து பள்ளத்தில் எறிந்தது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். நானும்தான்.

எங்களோடு ஏறி வந்த பி.டி. சார் சிரிக்கவில்லை. "எதுக்கும்மா பேஜாரு, எறங்கிடலாம்" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சதூரம்தான் என்று கெஞ்சினேன்.

"சரி, மெதுவா ஏறு" என்றாள்.

நான் மெதுவாக ஏறவில்லை.

உச்சிக்குச் சற்றுக் கீழே இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு பள்ளம். அதன்மேல் சிறிய பாலம். அங்கே போய்ச் சேர்ந்தபோது உதடு மரத்திருந்தது. வியர்வை குளிர்ந்து வழிந்தது. ஒரு பாலம் இரண்டாகத் தெரிந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த அம்மா என் கழுத்தில் கைவைத்துப் பார்த்த மறுகணமே கத்தினாள்.

"சுகர் எறங்குது! யார்கிட்டயாச்சும் இனிப்பு இருக்கா? ஜல்தியா குடுங்க!"

யாரிடமும் இல்லை. பிள்ளைகள் அவ்வளவு ஒழுங்காக டீச்சர் சொல் கேட்ட நாள் அது ஒன்றுதான். ஒரு பையன் மட்டும் பாக்கெட்டிலிருந்து அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, அள்ளி நீட்டினான்.

"அது லேட்டாவும்பா. சக்கரையாட்டம் உடனே ஏறாது" என்றாள் அம்மா.

பி.டி. சார், "வேன்ல ஊசி இருக்குல்லம்மா? ஓடிப்போய் எடுத்துக்கினு வர்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

"ஐயோ, வேணாங்க சார்! இப்ப ஊசி போட்டா பொண்ணு போயிடுவா. அவளுக்கு இப்ப சக்கரைதாங்க வேணும்."

"சுகருக்கு சக்கரையா?" என்று யாரோ கேட்டது எனக்கு எங்கோ தூரத்தில் கேட்டது.

சர்க்கரை இறங்கும்போது மூளை தனக்கென்று ஒரு நியாயம் வைத்துக்கொள்ளும். சொன்னால் அத்தனை பேர் முன்னால் மாட்டிக்கொள்வேன். சொல்லாவிட்டால் மயங்கி விழுவேன். இரண்டில் மயங்கி விழுவதே மரியாதை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் என் தோளைப் பிடித்திருந்த அம்மா, ஒவ்வொரு முகமாகப் பார்த்து மறுபடி மறுபடி இனிப்பு கேட்டுக்கொண்டிருந்தாள். விரலை நீட்டிக் காலைக் காட்டினேன்.

"பாம்பா?" என்று பி.டி. சார் துள்ளிக் குதித்தார்.

அம்மா என் ஷூவைக் கழற்றி சாக்ஸை இழுத்தாள். நசுங்கிச் சப்பையான தேன் மிட்டாய் பாக்கெட் வெளியே வந்தது. அம்மா அதைப் பல்லால் கிழித்து ஒவ்வொன்றாக என் வாயில் போட்டாள். என் தோழிதான் முதலில் பேசினாள்.

"எனக்கு ஒண்ணுகூட குடுக்கலியேடி!"

கால் மணி நேரம் அப்படியே உட்கார வைத்தாள் அம்மா. பிறகு, "பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லு" என்றாள்.

மிட்டாய்த் திருட்டுக்குத் தண்டனை தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். முதல் தடவை பதிமூன்று நான்கில் சிக்கிக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி சொல்லச் சொன்னாள். இந்த முறை நூற்று முப்பதுவரை தடுக்காமல் போனேன். மெஷின் இல்லாத இடத்தில் அம்மாவிடம் இருந்த அளவுகோல் அதுதான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. பிறகுதான் அந்தப் பையனின் மல்லாட்டையை வாங்கி எனக்கு உரித்துக் கொடுத்தாள்.

"பாலம் ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு."

"அப்ப நட."

அவளும் வந்தாள். உச்சியில் காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தது. கீழே ஏரிகளும் கரும்புக் கொல்லைகளும் கைக்குட்டை அளவில் கிடந்தன. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே வந்து ஊசி போட்டு, புளிசோறு தின்று, வேன் கிளம்பிய பிறகுதான் வாயைத் திறந்தாள். "இனிமே நான் உங்கூட எங்கியும் வரமாட்டேன்டி. நீயே போய்க்கினு, நீயே வந்துக்கோ."

அவ்வளவுதான். மிட்டாயை ஒளித்து வைத்த பெண்ணை அம்மா கைகழுவிவிட்டாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வழியில் வல்லம் ஊரைத் தாண்டும்வரை அழுதேன். ஏன் என்று கேட்டவர்களிடம் கண்ணில் தூசி என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ மலைகள் ஏறிவிட்டேன். பனியில் கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறேன். மரக்காணத்துக் கடற்கரைக்கு எத்தனை தடவை சைக்கிளில் போய்த் திரும்பினேன் என்பதற்குக் கணக்கே இல்லை. எல்லாவற்றுக்கும் அனுமதி அந்த வேனில் கிடைத்த ஒரு வரிதான். ஆனால் பதினொரு வயதில் எனக்கு அது எங்கே விளங்கியது?

அடுத்த மாதமே விழுப்புரத்தில் ஓட்டப்பந்தயம் வந்தது. அம்மா மறுபேச்சில்லாமல் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். புது மெஷினையும் ஜூஸையும் என் பையில் வைத்துத் தோளில் மாட்டிவிட்டாள். மற்ற பிள்ளைகளோடு என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.