உப்புத் தொட்ட விரல்

என் கணவர் தாஸிம் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கியவர். சம்பள நாளில் பூனாகலை, மறுநாள் கொஸ்லந்தை. அங்கே கூலிக்காரர் லயத்தில் இருந்த இராக்கம்மா சுடச்சுட ரொட்டியும் கருவாட்டுச் சம்பலும் கொடுப்பாள். அதைச் சப்புக்கொட்டித் தின்றுவிட்டு வந்து, என் கறியில் உப்பில்லை என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் அவருக்குக் கால் வீங்கியது. பதுளையில் பார்த்த டாக்டர், இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டி என்றார். அவருடைய வாப்பாவும் கூடப்பிறந்த மூத்த நானாவும் ஐம்பதைத் தாண்டாமல் மௌத்தானது இதனால்தானாம். பரம்பரை நோய்.

"கட்டியைக் கரைக்க மருந்தில்ல. உப்பைக் குறைங்க, கருவாடு, ஊறுகாய் வேணாம். சிகரெட்டை விடுங்க. தலைவலிக்குக் கண்ட மாத்திரையும் போடாதீங்க. மாசாமாசம் வந்து பிரஷர் பாருங்க. புள்ளையையும் கூட்டி வந்து காட்டுங்க," என்றார்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, றம்ஸியா. அவளைக் காட்டவில்லை. "குமரை ஆஸ்பத்திரியில நிறுத்தினா ஊரு என்ன சொல்லும்?" என்றது நான்தான்.

மற்றதையெல்லாம் அவர் செய்தார். சிகரெட்டை விட்டார். உப்பில்லாச் சோற்றைக் கட்டிக்கொண்டு போனார். "எங்க ரொட்டி எறங்கலீங்களா மொதலாளி?" என்று இராக்கம்மா கேட்டாளாம். பாவம், அவள் முகம் வாடிவிட்டது என்று வந்து சொன்னார். கால் வீக்கம் வற்றியது. இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தார்.

பிறகு பண்டாரவளையில் கடை வைத்திருந்த குடும்பத்திலிருந்து றம்ஸியாவுக்குச் சம்பந்தம் வந்தது. பரம்பரை நோயென்று தெரிந்தால் யார் எடுப்பார்கள்? வாயை மூடிக்கொண்டோம். கல்யாண விருந்தில் ஆறு பேர் ஒரே பெரிய தட்டை, ஸஹனைச் சுற்றி உட்காருவார்கள். சோற்றில் கை வைக்குமுன் உப்புத் தட்டு சுற்றி வரும், ஆளுக்கு ஒரு விரல் தொட்டு நாக்கில் வைக்க வேண்டும். ஒரு சிட்டிகையில் உயிரா போய்விடும்? ஆனால் அவருக்கு அப்போது உப்பைக் கண்டாலே பயம். வேண்டாமென்றால் ஏனென்று கேட்பார்கள்.

"ஆள்காட்டி விரலால தொடுங்க, நடுவிரலை நாக்குல வைங்க. ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்க," என்றேன்.

வீட்டில் மகள் பார்க்க இரண்டு தடவை பழகிவிட்டு, விருந்தில் அப்படியே செய்தார். ஒருவரும் கவனிக்கவில்லை. நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

புரியாணிக்கும் அச்சாறு ஊறுகாய்க்கும் விரல் மாற்ற முடியுமா? சம்பந்தி வீட்டு விருந்துகளில் வைத்ததையெல்லாம் தின்றார். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமென்று கிளினிக் வரிசைக்குப் போவதையும் நிறுத்தினார். நானும் போகச் சொல்லவில்லை. கல்யாணமாகிப் பதினாலாம் மாதம் மௌத்தானார்.

நான் அழவில்லை. வெளியே போகாமல் இத்தாவிலிருந்த நான்கு மாதம் பத்து நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு வைத்தால் தின்றேன். அதில் உப்பு இருந்ததா, இல்லையா, தெரியாது. அதற்குப் பிறகு வந்த வருடங்களும் அப்படித்தான் போயின.

எழுபத்தொன்பதில் பேரனுக்குச் சுன்னத்து விருந்து. பெண்கள் பக்கத்தில் ஸஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். எனக்கு இந்தப் பக்கம் றம்ஸியா, எதிரே அவள் மாமியார் ஸைனப். உப்புத் தட்டு வந்தது. றம்ஸியா பிஸ்மி சொல்லி ஆள்காட்டி விரலால் தொட்டாள். நடுவிரலை நாக்கில் வைத்தாள்.

அதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வாப்பாவைப் பார்த்துப் பழகியிருக்கிறாள். மடக்கி வைத்திருந்த அவள் காலைப் பார்த்தேன். கணுக்கால் வீங்கியிருந்தது. இருபத்து நாலு வயது.

"நல்லாச் சாப்பிடு மகள்," என்று ஸைனப் அச்சாற்றை அள்ளி அவள் பக்கம் வைத்தாள். றம்ஸியா சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடுங்க உம்மா," என்றாள் மெதுவாக. கண்ணால் கெஞ்சினாள்.

நான் விடவில்லை. "இவளுக்கு உப்பு ஆகாது. இவட வாப்பாவும் இந்த நோயிலதான் போனாரு. எங்களுக்குத் தெரியும். மறைச்சுத்தான் கட்டிக் கொடுத்தோம்," என்றேன்.

ஸஹனில் எல்லாக் கைகளும் நின்றுவிட்டன. ஸைனப் என்னையே பார்த்தாள். எனக்குப் பயமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. அச்சாற்றை என் பக்கம் தள்ளி வைத்தேன்.

"நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுல பதுளைக்கு, டாக்டர்கிட்ட போறோம்," என்றேன் மகளிடம். "வரிசையில முன்னுக்கே நிப்போம்."