உல்லேன் ஐயா

நான் படித்தது இரண்டு வகுப்பு. சான்றிதழில் ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி என்று இருக்கிறது. இரண்டுமே உண்மைதான்.

வள்ளியூரில் இறங்கி, யூனிபாரம் தைக்கிற அம்மா வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போவார்கள். பதினெட்டு மிஷின் ஓடுகிறது. ஒற்றை மிஷினில் ஆரம்பித்தவள் நான், அதுவும் மிதிக்க மிதிக்க அழுகிற மிஷின். பட்டம் வாங்கினவர்கள் என் வாசலில் வந்து வேலை கேட்டு நிற்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, இருக்கிறதைச் சொல்கிறேன்.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளை என்பது மேலே இருக்கிறவர்களுக்குத் தெரியும் முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். பட்டியலில் அறுபது பேர் இருக்கும். அளவெடுக்க இஞ்சு டேப்போடு போய் நின்றால் ஐம்பத்திரண்டு தோள்தான் வரும். இல்லாத தோளுக்கு அளவெடுக்க முடியாதல்லவா. மீதி எட்டு எங்கே என்று கேட்பேன். லீவு என்பார்கள். திரும்பவும் போவேன். மூன்றாவது தடவையும் வராத பிள்ளையின் பெயரை என் நோட்டில் தனியாகக் குறித்துக்கொள்வேன். அந்தப் பழக்கம் ஏன் வந்தது என்று என் மகனுக்கே தெரியாது.

போன மாதம் ஒரு சின்ன டீச்சர் தையல்கூடத்துக்கு வந்தாள். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளின் கணக்கெடுப்பாம். கையில் போன்.

"இங்க சின்னப் பிள்ளைங்க யாரும் வேல பாக்காங்களாம்மா?"

"உள்ள வந்து எண்ணிப் பாரு. எல்லாம் கல்யாணம் ஆனது, இல்லாட்டி ஆகப்போறது."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து எண்ணித்தான் பார்த்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. மோர் கொடுத்து உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தேன். இப்போது ஆறு வயதிலிருந்து பதினான்கு வரை ஒரு பிள்ளையும் வெளியே நிற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாம். வருகையைக் காலையிலேயே போனில் ஏற்றிவிட வேண்டுமாம். எந்தப் பள்ளியில் எத்தனை பேர் என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாமாம்.

"வராத பிள்ளைய வந்ததா போட்டா?" என்று கேட்டேன்.

அவள் மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். "போடப்படாதும்மா" என்றாள். முடியாது என்று சொல்லவில்லை.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றிலிருந்து பிரியும் கால்வாயின் தென்கரையில் இருக்கிறது. பள்ளிக்கூடம் வடகரையில். நடுவில் ஒரு சின்னப் பாலம். நான் மூன்றாம் வகுப்பு ஏறியபோது தம்பி பிறந்தான். அப்பா லாரிக்குப் போனவர், வந்தால் வருவார். அம்மா காலையில் நடவுக்கோ களையெடுப்புக்கோ போய்விடுவாள். தொட்டிலையும் தம்பியையும், பீடி இலையும் தூளும் வைத்த சுளகையும் என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூலைக் கட்டுவேன். ஒரு காலால் தொட்டிலை ஆட்டுவேன். கை ஓடும், கால் ஓடும், பேச ஆள் கிடையாது. தெருவில் எல்லாரும் வயலுக்குப் போயிருப்பார்கள். என் வயதுப் பிள்ளைகள் எல்லாம் வடகரையில். சாயங்காலம் அம்மா வந்ததும் சுற்றின பீடியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவாள். பாஸ்புத்தகத்தில் அம்மா பெயரில் வரவு வைப்பார்கள்.

காலையில் மணி அடிப்பது தண்ணீரைத் தாண்டி நன்றாகக் கேட்கும். பிறகு பிரார்த்தனை. பிறகு சத்தம் அடங்கிவிடும். இப்போது பெயர் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் மனதுக்குள் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டு வருவேன். என் பெயர் வந்ததும் எழுந்து நின்று, தொட்டிலைப் பார்த்து, "உல்லேன் ஐயா" என்பேன். எனக்கு அப்போது 'ள' வராது. உள்ளேன் என்பது உல்லேன் என்றுதான் வரும். தம்பிக்கு அது ஒரு குறையாகப் பட்டதில்லை.

நான் போகாவிட்டாலும் என் பெயர் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தது. வருஷ ஆரம்பத்தில் பெரிய சார் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசியதை நான் சுளகோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பிள்ளைய அனுப்பணும்னு சட்டத்துல இருக்கு. ரொம்ப நாள் வரலன்னா பேரை அடிக்கணும். ஒன் மகளோட சேத்துச் சரியா நாப்பது. ஒண்ணு கொறஞ்சாலும் டீச்சர வேற ஊருக்குத் தூக்கிருவாங்க. அப்புறம் அஞ்சு வகுப்பையும் நான் ஒத்தையாளா மேய்க்கணும்."

அம்மா யோசிக்கவே இல்லை. "அப்ப பேரு அங்கன கெடக்கட்டும் சார். புள்ள இங்கன கெடக்கட்டும்" என்றாள்.

பெரிய சார் நாணயஸ்தர். வராத பிள்ளைக்கு வந்ததாகப் போடுவதில் அவருக்குப் பெரிய சங்கடம். குரல் கேட்காமல் பதிவேட்டில் குறி போட மாட்டாராம், போட்டால் பொய்யெழுதினது ஆகிவிடுமாம். அதனால் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். அந்த ஏற்பாடு எனக்குத் தெரியாது.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒருநாள் காலையில் பேச்சி பாலத்தின் மேல் ஓடி வந்தாள். பேச்சி என் வகுப்பு. ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரும் ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள். மூச்சு வாங்க வாங்க வாசலில் நின்று சொன்னாள்.

"ஏட்டி, இன்ஸ்பெக்டரு வாராரு. எல்லாரும் இருக்கணுமாம். ஒன்ன கையோட கூட்டியாரச் சொன்னாரு பெரிய சாரு."

அம்மா அன்று காய்ச்சலில் படுத்திருந்தாள். "தம்பிய நான் பாத்துக்கிடுதேன். போயிட்டு ஒடனே வந்துரணும்" என்றாள். எனக்கு உடனே வருகிற எண்ணமே இல்லை. இன்ஸ்பெக்டர் என்றால் பெரிய சாருக்கும் பெரியவர். அவர் என்னைப் பார்த்துவிட்டால் போதும். இந்தப் பிள்ளை நன்றாகப் பதில் சொல்கிறதே, ஏன் தினமும் வருவதில்லை என்று கேட்பார். சட்டம் இருக்கிறது, அனுப்பு என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்வார். அவர் சொன்னால் அம்மாவால் மறுக்க முடியாது. தம்பியை யார் பார்ப்பார்கள், பீடியை யார் சுற்றுவார்கள் என்பதற்கும் அவரே ஒரு வழி வைத்திருப்பார் என்று நம்பினேன். மடிப்பைப் பிரித்து இறக்கின பாவாடையைக் கட்டிக்கொண்டு, பழைய மடிப்புக் கோடு தெரியாமல் கையால் பொத்திக்கொண்டே பாலத்தைத் தாண்டினேன். வழியெல்லாம் 'உள்ளேன், உள்ளேன்' என்று சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் உல்லேன்தான் வந்தது. பேச்சி முன்னால் நடந்தாள்.

கரும்பலகை மூலையில் பதிவு 40, வருகை 40 என்று எழுதியிருந்தது. அதற்குள் நான் ஒருத்தி என்று அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன். இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர், ஒல்லியானவர், சட்டைப்பையில் இரண்டு பேனா. வந்ததும் விரலை நீட்டித் தலைகளை எண்ணினார். நாற்பது. என் தலைக்கு நேராக விரல் வந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். பேச்சியின் பெயர் முதலிலேயே வந்து போய்விட்டது. கடைசிக்கு வந்தார்.

"இசக்கியம்மாள்."

"உல்லேன் ஐயா."

இரண்டு குரல். ஒன்று என்னுடையது. இன்னொன்று பக்கத்தில் பேச்சியின் வாயிலிருந்து வந்தது. நான் சொல்வது போலவே, அதே மெல்லிய குரலில், அதே 'உல்லேன்'.

இன்ஸ்பெக்டர் தலையைத் தூக்கினார். "ரெண்டு இசக்கியம்மாளா?"

பேச்சி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தினமும் என் பெயருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தானாம், இன்றைக்கு வாயைத் திறக்காதே என்று அவளிடம் சொல்லித்தான் இருந்தார்களாம். டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரிய சார் பேச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். பேச்சி இசக்கி இல்லை என்று சொன்னால், அவள் ஏன் பதில் சொன்னாள் என்று கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்தால் அந்த வருஷத்துக் குறி எல்லாம் போச்சு.

"எங்க ஊருப் பக்கம் வீட்டுக்கு ஒரு இசக்கி உண்டுமே சார்" என்றார். "இது நம்ம பிள்ளை." அவர் கை பேச்சியின் தலைமேல் இருந்தது. "அது பக்கத்தூரு இசக்கி. மாமா வீட்டுக்கு வந்திருக்கு. பிள்ளைகளோட சேந்து வந்து உக்காந்துட்டு."

"நீதான் இந்த ஊர் இசக்கியம்மாளா?" என்று இன்ஸ்பெக்டர் பேச்சியைக் கேட்டார்.

பேச்சி என்னைப் பார்க்கவில்லை. தலையை ஆட்டினாள்.

"நீ யார் வீட்டுக்கு வந்திருக்கே?" என்று என்னைக் கேட்டார்.

நான் பெரிய சாரைப் பார்த்தேன். இசக்கியம்மன் கோயிலுக்குப் பயந்து எங்கள் ஊரில் வைத்த பெயர்தான், வீட்டுக்கு வீடு இருந்தது. ஆனால் அது வரையில் என் பெயர் எனக்கு மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். "வெளிய போயி வெளயாடு தாயி" என்றார் பெரிய சார். அவர் குரல் அவ்வளவு கனிவாக இருந்து நான் கேட்டதில்லை.

ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். என்னைக் கழித்தால் முப்பத்தொன்பது தலைதான். எனக்கே அந்தக் கழித்தல் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் திரும்ப எண்ணவில்லை. பேனாவை எடுத்து நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதுவதற்கு முன்னால் ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். என் பாவாடைக் கோட்டைப் பார்க்கிறார் என்று நினைத்துக் கையால் பொத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும், "என்னட்டி கேட்டாரு?" என்றாள் அம்மா.

"பேரு கேட்டாரு."

"சொன்னியா?"

"சொன்னேன்."

சாயங்காலம் பேச்சி வந்து கதவுக்கு வெளியே நின்றாள். இன்ஸ்பெக்டர் கொடுத்த மிட்டாயில் என் பங்கைக் கொண்டுவந்திருந்தாள். பெரிய சார் பங்கு வைத்தபோது அவளுக்கு இரண்டு பெயருக்கும் சேர்த்து இரண்டு கிடைத்திருந்தது. நான் கதவைத் திறக்கவில்லை. "ஒம் பேச்சு கா" என்று உள்ளிருந்தே சொல்லிவிட்டேன். பெயரை எடுத்துக்கொண்டது ஒரு பக்கம். அத்தனை பேருக்கு நடுவில் என் கொன்னல் நாக்கைப் பழித்துக் காட்டினாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் மிட்டாயை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். எறும்பு தின்றது.

மறுநாள் மணி அடித்தது, பிரார்த்தனை கேட்டது, சத்தம் அடங்கியது. நான் எழுந்து நிற்கவில்லை. அதன் பிறகு ஒருநாளும் தொட்டிலைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை.

என் பெயர் மட்டும் பாஸாகிக்கொண்டே போனது. இரண்டு வருஷம் கழித்துப் பெரிய சாரே வீட்டுக்கு வந்து, ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி என்று ஒரு தாளை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கல்யாணமாகி வள்ளியூர் வந்த பிறகு, தையல் பயிற்சியில் சேர ஐந்தாம் வகுப்பாவது வேண்டும் என்றார்கள். தாளை நீட்டினேன், சேர்த்துக்கொண்டார்கள். மற்றது நானே உழைத்துச் சம்பாதித்தது. இதையும் பெருமைக்குச் சொல்லவில்லை.

பேச்சி கல்யாணமாகி மலைமேல் எஸ்டேட்டுக்குப் போனாள் என்று கேள்வி. அதற்கு மேல் தெரியாது. சின்ன டீச்சரிடம், அந்தப் போனில் பழைய பிள்ளைகளைத் தேட முடியுமா என்று கேட்டேன். "இப்ப படிக்கவங்க மட்டுந்தாம்மா இதுல" என்றாள்.

எனக்கு 'ள' வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. பெரிய சார் பேச்சியிடம் கேட்டது ஒரு குரல், அவ்வளவுதான். தினமும் தன் குரலிலேயே 'உள்ளேன் ஐயா' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாலும் அவர் குறி போட்டிருப்பார். அவளுக்கு 'ள' நன்றாக வரும்.