அப்பா முகம்

அப்பா, காலில் வந்த புண் ஆறாமல் செத்தார். சீனி வியாதி என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தாத்தாவும் அப்படித்தான் போனாராம்.

கருமாதி அன்றைக்கு அத்தை அண்ணனின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "அச்சு அசலா அப்பன் மூஞ்சி. இவனுக்குத்தான் வரும்" என்று அம்மாவிடம் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீ ஆத்தா மூஞ்சிடி. ஒனக்குப் பயமில்ல."

அதோடு தீர்ந்தது. தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிய வீடுகளில், யாரும் மறுத்துப் பேசவில்லை.

நாங்கள் தேத்தண்ணியில் சீனி போடுவதில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கிக்கொண்டே குடிப்போம். அன்றிலிருந்து அண்ணனுக்கு வெறுங்கை. அவன் பங்கு எனக்கு வந்தது. எனக்குச் சந்தோஷம்தான்.

அண்ணன் அப்போதுதான் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குப் பெயர் பதிந்திருந்தான். காலையில் அவன் லயத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டு வந்தால் அம்மா அந்த இடத்தைப் போய்ப் பார்ப்பாள். மூத்திரத்தில் எறும்பு மொய்த்தால் வியாதி வந்துவிட்டது என்று அர்த்தம்.

"எங்க போன? காட்டு."

"விடும்மா, பயலுக சிரிக்கிறானுங்க."

"சிரிக்கட்டும். நீ காட்டு."

எறும்பு இருக்காது. அம்மா திரும்பி வந்து ஒரு செம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடிப்பாள். மறுபடியும் மொண்டு குடிப்பாள். கொழுந்து பறிக்கப் போகும்போதும் போத்தலில் தண்ணீர் கொண்டுபோனாள்.

"ஏன்டி இப்படி எளச்சுப் போற?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா.

"பயலப் பத்துன கவலதான்க்கா."

அண்ணன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஒரு நாள் மட்டும், "எனக்குப் பொண்ணு கிண்ணு பாத்துறாதம்மா. அவ தாலியறுக்கவா?" என்றான். அம்மா செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தாள்.

மழைக்காலத்தில் அம்மாவின் காலில் அட்டை கடித்தது. அட்டை எல்லாரையும் கடிக்கும். சுண்ணாம்பு வைத்தாள். ஆறவில்லை. பாதம் கறுத்தது. சீனியாக இருக்கப் போகிறது, மருந்துக்குப் போ என்றாள் பெரியம்மா.

"எங்க சனத்துல ஒருத்தருக்கும் அந்த வியாதி கெடையாதுக்கா" என்றாள் அம்மா.

அது உண்மைதான். அம்மாவின் அப்பா காய்ச்சலில் போனவர். அவள் ஆத்தா பிரசவத்தில் போனாள். மாமா மலையில் உருண்டு விழுந்து போனார். ஒருவருக்கும் தலை நரைக்கவில்லை. சீனி வியாதி வருவதற்கும் கொஞ்சம் வயது வரை உயிரோடு இருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அம்மா ஒதுங்கிய இடத்தில் எறும்பு இருந்ததா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அட்டைக்கடி விஷமாகிவிட்டது என்றார்கள். அம்மாவை அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா தேத்தண்ணி ஊற்றி, ஆளுக்குக் கொஞ்சம் சீனி வைத்தாள். அண்ணன் தன் பங்கை என் கையில் கொட்டினான்.

"நீ தின்னு. ஒனக்கு ஒண்ணும் வராது."

நக்கிக்கொண்டே குடித்தேன்.