பின்பக்கம் தூக்கிய வண்டி

கதிரவன் தோஹாவுக்குக் கிளம்பியது சிதம்பரத்தில் தேருக்கு மறுநாள், ஆனித் தரிசனத்தன்று. கூட்டத்தில் உள்ளே வர முடியாது என்று விமான நிலையத்துக்குப் போகும் கார் சந்து முனையிலேயே நின்றுவிட்டது. பெட்டியை இசைவாணிதான் தூக்கி வந்தாள். அவன் வெறுங்கையோடு வந்து, அங்கே நின்ற தன் பிக்கப்பின் பின்கதவைத் தட்டிக்கொடுத்தான். பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டதைவிட வண்டியிடம் சொல்லிக்கொள்ளத்தான் அவனுக்கு அதிக நேரம் ஆயிற்று.

"பின்னாடி எப்படித் தூக்கி நிக்குது பாத்தியா? அதான் கெத்து. நான் வர்ற வரைக்கும் இதுல எவனும் கை வைக்கக் கூடாது" என்றான். ஏறினான், போனான்.

அவன் செங்கல் ஓட்டியவன். பாரம் தாங்குவதற்காகப் பின் அச்சின் மேல் ஸ்பிரிங்காக வளைந்திருக்கும் கமான் பட்டைகளோடு, இருபுறமும் ஒவ்வொன்று கூடுதலாகப் போட்டிருந்தான். செங்கல் ஏற்றினால் வண்டி மட்டமாக நிற்கும். இறக்கிவிட்டால் முட்ட வரும் மாடு மாதிரி மூக்கைத் தாழ்த்தி, பின்பக்கத்தை வானத்துக்குக் காட்டும். அந்தப் பக்கத்து டிரைவர்களுக்கு அதுதான் பெருமை. கம்பெனியிலிருந்து வந்தபடியே மட்டமாக நிற்கும் வண்டியை அவர்கள் 'பொண்ணு வண்டி' என்பார்கள்.

இசைவாணிக்கு ஸ்டீயரிங் புதிதல்ல. பெண்ணாடத்தில் பிறந்தவள். ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்கள் வரிசையில் காத்துக் கிடக்கையில், அப்பா டீ குடிக்கப் போகும்போதெல்லாம் வண்டியை முன்னால் நகர்த்தி நகர்த்தியே ஓட்டக் கற்றவள். கல்யாணத்துக்குப் பிறகு லைசென்ஸ் எடுத்தபோது கதிரவன் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னான். "அப்ப நீ கிளீனரா மச்சான்?" என்று ஸ்டாண்டில் யாரோ கேட்டதிலிருந்து சொல்வதை நிறுத்திக்கொண்டான்.

அவன் போன பிறகு சூளைக்காரர்கள் அவளுக்கு லோடு கொடுக்கவில்லை. ஒருத்தர் அனுதாபமாக மறுத்தார், ஒருத்தர் சிரித்துக்கொண்டே மறுத்தார். சிரித்தவரைக்கூட மன்னித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கடைசியில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் முட்டை மொத்த வியாபாரம் செய்யும் ஜான்சிதான் அவளை நம்பினாள். விடியற்காலையில் அங்கே ஏற்றி, அண்ணாமலை நகரில் இருக்கும் மெஸ்களுக்கும் லாட்ஜுகளுக்கும் இறக்க வேண்டும்.

முட்டை உடைந்தது. ஒருநாள் இருநாள் அல்ல, தினமும். செங்கல்லுக்குப் போட்ட பட்டை முட்டையின் எடைக்கு அசைந்துகூடக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் உதைத்தது. தளம் முன்னால் சரிந்திருந்ததால் தட்டுகள் கேபினை நோக்கி நகர்ந்து முன்வரிசை நசுங்கியது. புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் மஞ்சள் கரு ஒழுகத் தொடங்கிவிடும். மெஸ்காரர்கள் ஜான்சியை ஏசினார்கள். ஜான்சி நல்லவள், ஆனாலும் வியாபாரி.

"இசை, இந்த வாரம் பாக்குறேன். அதுக்கு மேல வேற வண்டிதான், கோச்சுக்காத" என்றாள்.

அன்றைக்கே இசைவாணி வண்டிகேட் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி இருந்த திருநாவுக்கரசின் பட்டறைக்குப் போனாள். பட்டையைப் போட்டதே அவன்தான், கதிரவனின் சிநேகிதன். அந்தக் கூடுதல் பட்டை இரண்டையும் கழற்றி வண்டியை மட்டத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்றான். ஓட்டுகிறவள் எதிரில் நிற்கிறாள். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடல் தாண்டி இருப்பவனிடம் அவன் அனுமதி கேட்டான். நடுவில் இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துத் திரும்பியவன், நல்ல பிள்ளையாக, சாயந்திரம் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னான்.

சாயந்திரம் வண்டி மட்டமாக நின்றது. அவளுக்கே ஒரு கணம் அவனைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்றிருந்தது. மறுநாள் காலை அந்த நினைப்பும் முட்டையோடு சேர்ந்து உடைந்தது. பின்பக்கம் முன்போலவே உதைத்தது. போதாததற்கு முன்பக்கமும் விறைத்துக்கொண்டு குலுக்கியது.

மெஸ் வாசலிலேயே வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். பின்பக்கப் பட்டைகளை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளில், போன மழையில் அப்பிய சேறு அப்படியே காய்ந்து கிடந்தது. ஸ்பேனர் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. முன்பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கே உயரத்தைக் கூட்டும் போல்ட்டுகள் மட்டும் புதிதாக முறுக்கப்பட்டுப் பளபளத்தன. தாழ்ந்திருந்த மூக்கை நிமிர்த்திவிட்டு, மட்டம் ஆகிவிட்டது என்று அனுப்பியிருக்கிறார்கள். கண்ணுக்கு மட்டம், பட்டை ஒன்றுகூட இறங்கவில்லை. போனில் சிரித்த சிரிப்புக்கு இதுதான் அர்த்தம்.

அவள் அழவில்லை. புடவையில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடத் தட்டாமல் நேராகப் பட்டறைக்கு வண்டியை விட்டாள். வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பின்கதவில் ஏறி உட்கார்ந்தாள். உள்ளே இருந்த லாரி வெளியே வர முடியவில்லை, வெளியே காத்திருந்த டிராக்டர் உள்ளே போக முடியவில்லை. ஹாரன் அடித்தார்கள். சாலைமறியலா, எந்தக் கட்சி என்று ஒருவன் கேலி செய்தான். திருநாவுக்கரசு முதலில் சிரித்தான், பிறகு கெஞ்சினான், பிறகு மச்சானுக்குப் பதில் சொல்ல முடியாது என்று பழைய பாட்டையே பாடினான்.

"உங்க மச்சான் தோஹாவுல ஏசி ரூம்ல தூங்குறாரு. தெனம் உடைஞ்ச முட்டைய வழிச்சுப் போடுறது நான். என்னை ஏமாத்துறதுக்கு ரெண்டு ஆம்பள போன்ல பேசி முடிவெடுத்தீங்கல்ல, அதே மாதிரி இப்ப பேசி இந்த லாரிய வெளிய எடுங்க. கழட்டுற வரைக்கும் நான் எறங்க மாட்டேண்ணே."

லாரிக்காரர் சிதம்பரத்துக்காரர் இல்லை, அவருக்கு இவர்கள் மச்சான் உறவு பற்றி அக்கறையும் இல்லை. "கழட்டித் தொலைய்யா. எனக்கு நேரமாவுது" என்று கத்தினார்.

கழற்றினான். முன்பக்கப் போல்ட்டுகளையும் அவளே பக்கத்தில் நின்று பழைய அளவுக்குத் தளர்த்த வைத்தாள். கழற்றிய இரும்பு பட்டறைக்குச் சேரும் என்பது அங்கே வழக்கம். அதைச் சொல்லி எடுத்து ஓரமாக வைக்கப் போனான். அவள் இரண்டு பட்டைகளையும் பிடுங்கி வண்டியில் போட்டுக்கொண்டாள். பட்டறையில் இருந்தால் அவை என்றைக்காவது திரும்ப ஏறிவிடும்.

மறுநாள் புதுச்சத்திரம் வேகத்தடையில் வண்டி அமுங்கி எழுந்தது. அண்ணாமலை நகரில் தட்டுகளை இறக்கும்போது முன்வரிசையும் முழுசாக இருந்தது. ஜான்சி வேறு வண்டி பற்றிப் பிறகு பேசவில்லை. மட்டமாக நிற்கும் வண்டியின் படத்தைக் கதிரவனுக்கு அனுப்பினாள். பார்த்ததற்கான நீலக்குறி வந்தது, பதில் வரவில்லை. அதற்குப் பிறகு அவன் தன் அம்மாவுக்கு மட்டும்தான் போன் செய்தான். ஸ்டாண்டில் 'பொண்ணு வண்டி போகுது' என்றார்கள். பொண்ணு ஓட்டினால் வேறென்ன வண்டி என்று ஒருநாள் நிறுத்திக் கேட்டாள். பிறகு அவள் காதுபடச் சொல்வதில்லை.

வீட்டு வாசலில் சாக்கடையை மூடியிருந்த கல் அந்த ஐப்பசி மழையில் உடைந்தது. பக்கத்து மனையில் மிச்சம் கிடந்த சிமெண்டையும் ஜல்லியையும் கேட்டு வாங்கினாள். இரண்டு கமான் பட்டைகளையும் சாக்கடைக்குக் குறுக்கே கம்பிக்குப் பதிலாகக் கிடத்தி, மேலே கலவையைக் கொட்டி, தானே கரண்டி பிடித்துப் பூசினாள். பட்டையின் நுனிகூட வெளியே தெரியவில்லை. தினமும் விடியற்காலையில் அதை மிதித்துத்தான் வண்டிக்குப் போனாள்.

பங்குனியில் ஒருநாள், முட்டை இறக்கிவிட்டு வந்து அந்தச் சாக்கடை மூடிமேல் நின்று செருப்பைக் கழற்றும்போது போன் அதிர்ந்தது. அந்தப் படத்துக்குப் பிறகு கதிரவன் அவளுக்கு அனுப்பிய முதல் செய்தி:

"அடுத்த மாசம் வர்றேன். திருநாவுகிட்ட பேசிட்டேன். அந்த ரெண்டு பட்டையையும் எடுத்து வெளிய வை."