குறை சொன்னவனுக்கு மறு இலை

எங்கள் அத்தாவுக்கு ஒரு பழக்கம். திண்டுக்கல்லில் பேகம்பூர் பக்கம் இருக்கும் எங்கள் பிரியாணிக் கடையில் யார் சாப்பிட்டு எழுந்தாலும், கை கழுவும் குழாயடியில் நின்றுகொண்டு, "ஏதும் குறை இருக்கா?" என்று கேட்பார். கறியெல்லாம் எலும்பாகவே வந்தது, சோறு குழைந்துவிட்டது என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. வாதாடவே மாட்டார். கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்து, புது இலை போட்டு, முதலிலிருந்து பரிமாறச் சொல்வார். அதற்குக் காசு கிடையாது. வேண்டுமென்றே குறை சொல்லி இரண்டாவது இலையையும் வழித்துவிட்டுப் போகிறவர்களை எனக்கு முகம் முகமாகத் தெரியும். பார்சல் கவுண்டரில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். இப்போது கடிப்பதில்லை. அதற்குக் காரணம் என் தம்பி.

தம்பி குத்துச்சண்டைக்காரன், மிடில்வெயிட். எழுபத்திரண்டரைக் கிலோவைத் தாண்டினால் ரிங்கில் ஏறவிட மாட்டார்கள். பிரியாணிக் கடைக்காரர் வீட்டில் பிறந்துவிட்டு, அவித்த முட்டையும் கொண்டைக்கடலையும் தின்றுகொண்டு, விடியுமுன் மலைக்கோட்டைப் படியில் ஏறி இறங்குகிற பிள்ளையைப் பார்த்தால் எந்த அம்மாவுக்குத்தான் பொறுக்கும்? எங்கள் அம்மா புலம்பாத நாளில்லை. அவன் சென்னைக்குப் போய் தேசியப் பட்டத்தை ஜெயித்து, பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலைவிட்டு இறங்கியபோது, "பாத்தியா எம்புள்ளய?" என்று என்னிடம் கேட்டாளே பார்க்கலாம், ஏதோ நான்தான் இத்தனை வருஷமாகத் தடுத்துக்கொண்டிருந்ததுபோல.

ஆனால் அந்தப் பட்டத்தில் ஒரு முள் இருந்தது. கடைசி ரவுண்டில் தம்பியின் முழங்கால் தரையைத் தொட்டது. நடுவர் கையை ஆட்டி, வழுக்கிவிட்டான் என்று சொல்லிச் சண்டையைத் தொடரவிட்டார். அடிபட்டு விழுந்ததாக எண்ணியிருந்தால் புள்ளி போயிருக்கும், பட்டமும் போயிருக்கும். புள்ளி போட்ட மூவரில் இருவர் தம்பிக்குக் கொடுத்தார்கள், ஒருவர் எதிராளிக்குக் கொடுத்தார். எதிராளி வடசென்னைப் பையன். தீர்ப்பைக் கேட்டுவிட்டு ரிங்கிலேயே உட்கார்ந்து அழுதான். அன்றிலிருந்து அந்த வீடியோ போன் போனாகச் சுற்றியது. பூட்டு ஊர்க்காரன் கள்ளச்சாவி போட்டுப் பட்டத்தை எடுத்துட்டுப் போயிட்டான் என்று அதன் கீழே எழுதினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நானும் பதில் எழுதினேன். அதை இங்கே அச்சில் போட முடியாது.

தம்பி மட்டும் வாயைத் திறக்கவில்லை. கடையில் யாராவது அந்த வீடியோவைப் போட்டால், கடைசி ரவுண்டு வருவதற்குள் எழுந்து அடுப்படிப் பக்கம் போய்விடுவான். பெல்ட்டைக் கல்லாவுக்கு மேலே ஆணியடித்து மாட்டு என்று அத்தா சொல்லிச் சொல்லிப் பார்த்தார். இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தானே தவிர, அதைப் பெட்டியைவிட்டு அவன் எடுக்கவே இல்லை.

இதற்கிடையில், பட்டத்தைக் காத்துக்கொள்ள அடுத்து யாரோடு மோதுவது என்ற பேச்சு வந்தது. முதல் தடவை ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சாம்பியனுக்குத்தான். சண்டையை உங்கள் ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம், யாரென்று மட்டும் சீக்கிரம் சொல்லுங்கள் என்று போட்டி நடத்துகிறவர் சென்னையிலிருந்து போன் செய்தார். அவ்வளவுதான், ஊர் முழுக்கக் குத்துச்சண்டை மேதைகள் முளைத்துவிட்டார்கள். வத்தலக்குண்டு பஸ் கண்டக்டர் ஒருவர், பெங்களூர்க்காரன் இடதுகைக்காரன், உன் தம்பிக்கு ஆகாதும்மா என்று எச்சரித்துவிட்டுப் போனார். அரை பிரியாணி வாங்க வந்த ஒருத்தர், பஞ்சாப்காரனைக் கூப்பிட்டு ஒரு கை பார்த்துவிட வேண்டியதுதானே என்றார். முதலில் நீங்கள் ஒரு ரவுண்டு நின்று காட்டுங்கள் அண்ணே, அப்புறம் கூப்பிடுவோம் என்றேன். பார்சலை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய வியாபாரம் ஓய்ந்த பிறகு, முடிவெடுக்க எல்லோரும் கடையிலேயே உட்கார்ந்தோம். அத்தாவின் அண்ணன், எங்கள் பெரியத்தா, தோல் மண்டியிலிருந்து வந்திருந்தார். தம்பியின் கோச் கோயிலில் பூசை முடித்து நேராக வந்திருந்தார். அவருக்கு ரயில்வேயில் வேலை. பள்ளிக்கூட நாளிலிருந்து தம்பிக்குக் கையுறை மாட்டிவிடுகிறவர் அவர்தான். நான் கவுண்டரை விட்டு எழுந்துபோய், யாரும் கூப்பிடாமலே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

பெரியத்தா சொன்ன ஆள் ஒரு கேரளாக்காரர். வயசாகிவிட்டது, முட்டி தேய்ந்துவிட்டது, இரண்டு தட்டு தட்டினால் விழுந்துவிடுவார், பட்டம் பத்திரமாக வீட்டில் இருக்கும் என்றார். அப்படி ஆளை அடித்தால் ஊர் சிரிக்கும் என்றார் கோச். டீ டம்ளர்களை மேசையில் நகர்த்தி, பெங்களூர்க்காரன் எப்படி நிற்பான், தம்பி எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று அவர் காட்டியதில், பெரியத்தாவின் டீ அவர் வேட்டியிலேயே கொட்டியது. பெங்களூர்க்காரன் நல்ல ஆட்டக்காரன், ஆனால் குத்தில் வலு இல்லை, கௌரவமாக ஜெயிக்கலாம் என்பது கோச்சின் கணக்கு. கேரளாவா பெங்களூரா என்று செத்த நேரம் ஒரே கூச்சல். சென்னைக்காரன் பேச்சை மட்டும் ஒருத்தரும் எடுக்கவில்லை. தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஏன், அந்தச் சென்னைப் பையனையே கூப்பிட்டால் என்ன என்று கேட்டேன். கோச் என்னை முறைத்தார். அவன் வலது கை இரும்பு, இந்தத் தடவை சரியாக விழுந்தால் பட்டம் போய்விடும், போன பிறகு தம்பியைச் சீந்த ஆள் இருக்காது, திரும்ப இந்த அண்டாவைக் கிண்ட வேண்டியதுதான் என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. ஆனாலும் நான் விடவில்லை.

"நம்ம கடையில சாப்ட்டவன் குறைன்னு சொன்னா என்ன செய்வோம்?" என்று கேட்டேன்.

"ஏ புள்ள, இது சோறு இல்ல, பட்டம்" என்றார் பெரியத்தா. "தோத்தவன் குறை சொல்லத்தான் செய்வான். வழுக்கித்தான் விழுந்தான்னு நடுவரே சொல்லிட்டாருல்ல?"

அப்போதுதான் தம்பி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினான்.

"வழுக்கி விழல பெரியத்தா. அடிதான். காதுக்குக் கீழ வாங்குனேன். கண்ணு இருட்டிப் போச்சு."

பெரியத்தா டம்ளரை எடுத்துக் குடிக்கப்போய், அதில் டீ இல்லாததைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அத்தா அதுவரை கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து, கோச்சிடம் ஒன்றே ஒன்று கேட்டார், திரும்ப மோதினால் இவன் ஜெயிப்பானா என்று. சொல்ல முடியாது பாய் என்றார் கோச். அத்தா தலையாட்டிக்கொண்டார்.

"அப்ப அவனுக்கு மறு இலை போட வேண்டியதுதான்" என்றார்.

கோச் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டார். நாளையிலிருந்து மலைக்கோட்டைக்கு இன்னும் வெள்ளென வரவேண்டும் என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனார். தம்பி அன்று சாயந்திரமே சென்னைக்காரனுக்குப் போன் போட்டு, நடந்ததை நடந்தபடி சொல்லி, திண்டுக்கல்லுக்கு வாருங்கள், திரும்பப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அவன், வருகிறேன் என்று மட்டும் சொன்னானாம்.

வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் ரிங் கட்டினார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற மேடையில் புள்ளி போடுகிறவர்கள் உட்கார்ந்தார்கள். தோல் மண்டி ஆட்கள், பூட்டுப் பட்டறைக்காரர்கள், கோச்சின் தெருவிலிருந்து வந்த கூட்டம் என்று கால் வைக்க இடமில்லை. அம்மா வரமாட்டேன் என்று வீட்டில் தொழுகைப் பாயிலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் முதல் வரிசையில் அத்தாவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

முதல் இரண்டு ரவுண்டு சென்னைக்காரன் கைதான் ஓங்கியிருந்தது. போச்சு, வாயைக் கொடுத்துத் தம்பியைக் கெடுத்தவள் நான்தான் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு தம்பி ஓடுவதை விட்டான். நெருங்கிப் போய் விலாவில் குத்தினான், திரும்பத் திரும்ப விலாவில். எதிராளியின் கை மெல்லக் கீழே இறங்கியது. ஆறாவது ரவுண்டில் ஓர் இடதுகைக் குத்து தாடையில் விழ, சென்னைக்காரன் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தான். இந்தத் தடவை நடுவர் எண்ணினார். வழுக்கினான் என்று யாரும் சொல்ல முடியாது. எண்ணி முடிப்பதற்குள் அவன் எழுந்துவிட்டான், ஆண்பிள்ளை.

கடைசி ரவுண்டில் அது வந்தது, அதே வலது கை, அதே காதுக்குக் கீழே. சத்தம் எனக்குக் கேட்டது. தம்பியின் முழங்கால் மடங்கியது. "நில்லுடா" என்று நான் போட்ட கத்தலில் அத்தாவின் தொப்பி கழன்று விழுந்ததாகப் பெரியத்தா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். முழங்கால் தரையைத் தொடவில்லை. நிமிர்ந்தான், நின்றான், திருப்பிக் கொடுத்தான். மணி அடிக்கும்வரை கொடுத்துக்கொண்டே இருந்தான். மூன்று பேரும் அவனுக்கே போட்டார்கள். எனக்கு ஒரு வாரம் குரலே வரவில்லை. அந்த வாரம் கவுண்டரில் வாடிக்கையாளர்கள் என்னிடம் திட்டு வாங்கவில்லை என்றால், அது அவர்கள் செய்த புண்ணியம்.

மறுநாள் மதியம் சென்னைக்காரனை அத்தா கடைக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கண்ணுக்கு மேல் பிளாஸ்திரியோடு வந்தான். தம்பிக்கும் அன்றைக்கு இலை போட்டார்கள். மாதக்கணக்கில் கொண்டைக்கடலை தின்றவன் சீரகச் சம்பாவைக் கண்டதும் குனிந்த தலை நிமிரவில்லை. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, போட்டி போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் இலையை விட்டுவிட்டு அவர்களையே பார்த்தார்கள்.

சென்னைக்காரன் எழுந்து கை கழுவப் போனான். குழாயடியில் அத்தா எப்போதும்போல நின்றிருந்தார்.

"ஏதும் குறை இருக்கா தம்பி?"

அவன் கையைக் கழுவிவிட்டு அத்தாவைப் பார்த்தான். "இல்ல பாய். சோத்துலயும் இல்ல, நேத்து சண்டையிலயும் இல்ல."

அவனுக்குப் பின்னால் எச்சில் கையோடு நின்ற தம்பி, கையையும் முகத்தையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு நேராக என் கவுண்டருக்கு வந்தான்.

"அக்கா, அந்தச் சுத்தியல எடு" என்றான்.

எடுத்துக் கொடுத்தேன். யாருக்கும் தெரியாமல் அழ எனக்கு வராது, எல்லார் முன்னாலும் அழுதேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, தம்பி பெல்ட்டோடு ஏறினான். எங்கள் கடை ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, ஆட ஆரம்பித்தது. சென்னைக்காரன் வந்து அதைப் பிடித்துக்கொண்டான்.