மக்கெலேசி கையெழுத்துப் போடாத பல்

“துலோ, துலோ” என்று முனகிக்கொண்டே மக்கெலேசி நாற்காலி மேல் ஏறுகிறார். மேல் தட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுக்க வேண்டும். அந்தத் தட்டுக்குக் கீழே, இழுப்பறைகளில், கயிறு கட்டிய முப்பத்தெட்டுத் தம்புவாக்கள், அதாவது திமிங்கலப் பற்கள், படுத்திருக்கின்றன. பெரியவர்கள் தலைக்கு மேலே கை நீட்ட நேர்ந்தால் எங்கள் ஊரில் கேட்கிற மன்னிப்புதான் ‘துலோ’. மக்கெலேசி பற்களிடமும் கேட்கிறார். இறங்கும்போது இன்னொரு தடவை.

சவுசவு என்னும் தீவுத் துறைமுக ஊரில் இருக்கும் எங்கள் சின்ன அருங்காட்சியகத்தில் அவர் பொருள் காப்பாளர். நான் படம் எடுப்பவன். பதினாறு வருடமாக ஒரே அறை, ஒரே மின்விசிறி. அவருக்கு ஐம்பத்தாறு வயது, பெரிய கூந்தல், அதற்குள் எப்போதும் இரண்டு பென்சில்கள். ஒன்றைத் தேடிக்கொண்டே மற்றொன்றைச் செருகுவார். இடுப்பில் சுற்றிக்கட்டும் பழைய சுலுத் துணியின் கிழிசலில் எண்ணெய் தொட்டு, ஒவ்வொரு பல்லையும் குழந்தைக்குத் துடைப்பதுபோல் துடைப்பார். கயிறு இற்றிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதில்லை. மோந்து பார்ப்பார். எந்தப் பல்லையும் விரலால் சுட்டமாட்டார். “அதோ, அந்த மஞ்ச ஆளு” என்று மோவாயால் காட்டுவார்.

அவருடைய கணவர் தோமாசி சரக்கு வண்டி ஓட்டுபவர். அவரைச் சீண்டவும் மக்கெலேசிக்குப் பல்தான் கருவி. “என்னைக் கேட்டு வந்தப்ப இவங்க வீட்டுல கொண்டாந்த தம்புவா இருக்கே தம்பி, எங்கப்பா கண்ணாடி போட்டுத்தான் அதைப் பார்த்தாரு. மீன் பல்லோன்னு சந்தேகம்.” தோமாசி வண்டிக்குள்ளிருந்தே பதில் சொல்வார்: “சின்னதா இருந்தும் உடனே வாங்கிட்டாரே. வீட்ட விட்டு அனுப்ப அவ்வளவு அவசரம்.”

சிரிப்பெல்லாம் அந்த ஒரு பல்லோடு சரி. கல்யாணம், சாவு, சண்டை, சமாதானம் எதுவானாலும் தம்புவாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுதான் எங்களவர்கள் போவார்கள். எதிராளி கை நீட்டி வாங்கிவிட்டால், கேட்டதைக் கொடுத்தாயிற்று என்று பொருள். வாங்கிவிட்டுக் கொடுக்காதவனை என்ன சொல்வதென்று எங்கள் மொழியில் வார்த்தை இல்லை. அப்படி ஒருத்தன் இருப்பான் என்று யாரும் நினைக்கவில்லை போல.

போன ஆண்டு ஜூலையில் அப்படி ஒருத்தரின் கொள்ளுப்பேரன் வந்தார். லெஸ்லி ஹார்கட், ஆஸ்திரேலியக்காரர், எழுபது வயது. பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து, துண்டில் சுற்றிய பெரிய பல்லை மேசை மேல் வைத்தார். கருஞ்சிவப்பு, நல்ல எடை, கயிறு மட்டும் நைந்திருந்தது. கொள்ளுத்தாத்தா இந்தக் கரையில் தென்னந்தோட்டம் வைத்திருந்தாராம். இவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். வீட்டைக் காலி செய்கிறார், இதை உங்களிடமே கொடுத்துவிடலாம் என்று வந்திருக்கிறார்.

“பல் டாக்டரா? அப்ப சரியான ஆளுகிட்டதான் இருந்திருக்கு” என்றார் மக்கெலேசி.

டப்பாவின் அடியில் கொள்ளுத்தாத்தாவின் நாட்குறிப்பிலிருந்து ஒரு தாள். ஹார்கட் வாசித்துக் காட்டினார். ‘1908, மே 14. வைதாலா ஊரார் வந்து புல்லில் உட்கார்ந்தார்கள். ஊற்றுக்குப் போக வழி கேட்கிறார்கள் என்று சமையற்காரன் சொன்னான். ஒரு திமிங்கலப் பல் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். அழகான பொருள். மாலையில் ஊற்றைச் சுற்றிக் கம்பிவேலி முடிந்தது.’

மக்கெலேசி பென்சிலைத் தேடுவதை நிறுத்தினார். அந்தத் தாளை வாங்கித் தானே ஒரு தரம் படித்தார்.

எங்கள் இயக்குநர் செவனாயாவுக்கு ஒரே குஷி. வெள்ளிக்கிழமை விழா, மாவட்ட அதிகாரி வருவார், செய்தித்தாளில் படம். அதற்குள் எண் எழுதிய அட்டையைப் பல்லில் கட்டி, ஏற்புப் படிவத்தில் காப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

“போடமாட்டேன்” என்றார் மக்கெலேசி.

“ஏன்?”

“இது இன்னும் வேலை முடிக்கல சார். ஒரு கேள்வியத் தூக்கிட்டுப் போன பல்லு. பதில் இல்லாம வந்து நிக்குது. இதுக்கு நம்பர் கட்டி இழுப்பறையில போட்டா, அந்தாளு செஞ்சதையே நாமளும் செய்யறோம்.”

“மக்கெலேசி, அந்தத் தோட்டமே இப்ப வைதாலாக்காரங்களுதுதான். வேலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. யாருக்கு வேணும் உங்க பதில்?”

“கேட்டவங்களுக்கு.”

“விழா நின்னுபோச்சுன்னா எழுத்துல விளக்கம் கேப்பேன்.”

“கேளுங்க சார். எனக்கு எழுத வரும்.”

பிறகு ஹார்கட் பக்கம் திரும்பினார். “நான் கையெழுத்துப் போடாத வரைக்கும் இது உங்க சாமான். நீங்கதான் சொல்லணும். இங்க வெச்சிட்டுப் போறதுன்னா போகலாம், யாரும் தடுக்கமாட்டாங்க. இல்லன்னா நாளைக்குக் காலையில எங்க வீட்டுக்காரரு வண்டி வைதாலா பக்கம்தான் போகுது.”

ஹார்கட் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “அவர்கள் கோபமாக இருப்பார்களா? அடிப்பார்களா?”

“அடிக்கமாட்டாங்க. சாப்பாடு போட்டே கொன்னுருவாங்க.”

மறுநாள் வண்டியின் பின்பக்கத்தில் அவருக்குப் பாடம் நடந்தது. சப்பணம் போட்டு உட்கார வேண்டும், பல்லை மார்புக்கு நேரே ஏந்த வேண்டும், பேச்சை நீட்டக்கூடாது. “முட்டி வலிக்கிறது” என்றார் அவர். “வலிக்கட்டும். முகத்துல அது வருத்தம் மாதிரி நல்லா தெரியும்” என்றார் மக்கெலேசி.

வைதாலாவின் கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். ஊர்த்தலைவர் ஓசேயா நடுவில், ஆண்கள் இரு பக்கமும், பெண்கள் வாசலோரம். முறைப்படி சொல்ல வேண்டிய வாசகங்களை, பல் போன கதையையும் ஆண்டையும் சேர்த்து, எங்கள் பக்கத்திலிருந்து தோமாசி கம்பீரமாகச் சொன்னார். அடுத்து ஹார்கட் பேச வேண்டும். பல்லை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார். முந்தின இரவு எழுதிவைத்திருந்த தாள் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுக்கக் கை ஏது? மக்கெலேசி பின்னால் உட்கார்ந்து, “உங்க கொள்ளுத்தாத்தாவ என்ன கேட்டாங்க? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க” என்று கிசுகிசுத்தார்.

“வழி கேட்டீர்கள்” என்றார் ஹார்கட். “தருகிறேன். போகலாம். எப்போது வேண்டுமானாலும் போகலாம். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.”

மக்கெலேசி அதை மொழிபெயர்த்தார். ஓசேயா பல்லைப் பார்த்து விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்.

“நூத்திப் பதினோரு வருஷம் யோசிச்சிருக்காங்க” என்றார் கடைசியில். “அவசரப்படாத குடும்பம்.”

கூடம் குலுங்கிச் சிரித்தது. மொழிபெயர்ப்பு வருமுன்பே ஹார்கட்டும் சேர்ந்துகொண்டார். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு ஓசேயா பேசினார். “வேலி எழுபத்தொண்ணுல போச்சு. அதுவரைக்கும் எங்க அத்தைங்க மலையச் சுத்திப் போய்த் தண்ணி எடுத்தாங்க. சின்ன அத்தை பாதி வழியில உக்காந்து அழுவாங்க. நானே பார்த்திருக்கேன். அவங்க யாரும் இன்னைக்கு இல்ல. அவங்க சார்புல நான் வாங்கிக்கறேன்.”

இரண்டு கையாலும் வாங்கினார். மோந்தார். கூடம் முழுவதும் குவித்த கைகளைத் தட்டியது. அந்தச் சத்தம் பாய்க்கடியில் பலகை வழியாக என் முட்டிவரை வந்தது. படம் எடுக்க மறந்துபோனேன்.

பல் வைதாலாவிலேயே தங்கியது. வெள்ளிக்கிழமை விழா நடக்கவில்லை. அடுத்த வாரம் மக்கெலேசிக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது, சம்பள உயர்வு ஓராண்டு தள்ளிப்போனது. விளக்கத்தில் அவர் எழுதியது ஒரே வரி: ‘வந்தது, வேலை முடித்தது, போனது.’ செவனாயா அதைக் கோப்பில் வைத்தார். ஆனால் யாராவது முக்கிய விருந்தாளி வந்தால் இந்தக் கதையை அவர்தான் முதலில் சொல்கிறார், தானே அனுப்பிவைத்ததுபோல.

வைதாலாவில் பல்லைக் கொடுத்த அன்று, சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் ஊற்றைப் பார்க்கப் போனோம். தென்னைகளுக்கு நடுவே, ஒரு ஆள் படுக்கிற அளவுக் குழி. அடியில் கூழாங்கல் எண்ணலாம். ஓசேயாவின் மருமகள் கொட்டாங்கச்சியில் மொண்டு ஹார்கட்டிடம் நீட்டினாள். அவர் ஊற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்பதுபோல் சங்கடத்தோடு வயிற்றைத் தொட்டுக் காட்டி, தோள்பையிலிருந்து கடையில் வாங்கிய தண்ணீர்ப் புட்டியை எடுத்து, “என்னிடம் இருக்கிறது, நன்றி” என்றார்.

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

மக்கெலேசி சாதாரணமாகத் தன் சுலுவை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஹார்கட் கையிலிருந்த புட்டியை வாங்கினார். மூடியைத் திருகி, பக்கத்துத் தென்னையின் தூரில் கடைசிச் சொட்டுவரை ஊற்றினார். பிறகு குனிந்து அதை ஊற்றில் அமுக்கினார். குமிழி எல்லாம் வந்து முடியும்வரை பிடித்திருந்துவிட்டு, நிரம்பிய புட்டியைத் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.