சீதா, சீதா, உல்டா

இந்த ஊரில் துவைத்த ஸ்வெட்டரைக் கொடியில் தொங்கவிடமாட்டார்கள். பெரிய துண்டை விரித்து, காய்ச்சல்காரப் பிள்ளையைப் படுக்கவைப்பதுபோல அதன்மேல் கிடத்துகிறார்கள். ஸ்காட்லாந்துக்கு வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரித்தவள் நான். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவளுக்கு அழுக்கு போக வேண்டுமென்றால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வேண்டும். அம்மா பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரை மெஷினில் போட்டுச் சூட்டைக் கடைசிவரை திருகினேன். வெளியே வந்தது ஐந்து வயதுப் பிள்ளைக்குத்தான் சேரும். கம்பளி இறுகிக் கெட்டியாகிவிட்டிருந்தது. தரையில் உட்கார்ந்து அழுதேன், வேறென்ன செய்ய?

அது கடையில் வாங்கிய நூல் இல்லை. எங்கள் மாடிவீட்டில் கமலா என்று ஒரு இமாச்சலத்துக்காரி இருந்தாள். அவள் கணவரும் என் அப்பாவும் ஒரே தொழிற்சாலை. லீவுக்கு ஊருக்குப் போனவள், மாமியார் கையால் நூற்ற கம்பளியைக் கொண்டுவந்தாள். சாயம் போடாத, ஆட்டின் சொந்தப் பழுப்பு. நான் வெளிநாடு போகப்போகிறேன் என்றதும் அம்மா அவளிடம் பின்னக் கற்றுக்கொண்டாள். சித்திரை வெயிலில், ஃபேனுக்குக் கீழே, மடியில் கம்பளியோடு! கமலா இந்தியில் "சீதா, சீதா, உல்டா, உல்டா" என்று சொல்லிக்கொடுப்பாள். நேராக இரண்டு, திருப்பி இரண்டு என்று அர்த்தம். காட்டுப்பாக்கத்தில் பிறந்த என் அம்மாவுக்கு அது எங்கே தெரியும்? "சீதா கீறா, சரி. ராமன் எங்கடி?" என்பாள். கமலாவுக்குத் தமிழ் புரியாது, ஆனாலும் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அம்மா ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ போனில், "இன்னாடி, ஸ்வெட்டர் போட்டுக்கினியா?" என்று கேட்பாள். "போட்டுக்கினுதாம்மா கீறேன். மேல கோட்டு, அதான் தெரில" என்று வாய் கூசாமல் புளுகுவேன். இரண்டு குளிர்காலம் இப்படியே ஓடியது. ஒருநாள் சொன்னாள்: "விசா வந்துட்ச்சி. ஏர்போர்ட்டுக்கு அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கினு வா. கும்பல்ல கண்டுபுடிக்கணும்ல." அவள் வர ஐந்து மாதம்தான் இருந்தது.

நூலகத்தில் வியாழக்கிழமைகளில் பின்னுகிறவர்கள் கூடுவார்கள். அதேபோல ஒன்றைப் பின்னிவிடலாம் என்று போய் உட்கார்ந்தேன். அந்தப் பழுப்பு எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அங்கே வருகிறவர்களில் ஒருத்தி, தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் மொய்ரா, பழுப்பு ஆட்டின் ரோமத்தை ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டாள். எண்ணெய்ப் பிசுக்கு, ஆட்டு வாடை. நம்மூர்த் தக்ளி போன்ற ஒன்றைச் சுழற்றி நூற்கவேண்டும். இழுத்தால் அறுந்தது, விட்டால் கயிறாகத் திரண்டது. இரண்டு மாதத்தில் ஒருவழியாக நூல் வந்தது. பின்னும்போது அம்மாவைப்போலவே "சீதா, சீதா, உல்டா" என்று முணுமுணுத்தேன். யார் அந்த சீதா என்று மொய்ரா கேட்டாள். என் அரைகுறை ஆங்கிலத்தில், அம்மா சொல்வது, ஆவடி, என்றேன். அம்மாவின் பெயரே சீதா என்று எடுத்துக்கொண்டு, அன்றிலிருந்து, "சீதா எப்போது வருகிறாள்?" என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். திருத்த மனம் வரவில்லை. அம்மாவைப் பற்றிக் கேட்க இந்த ஊரில் எனக்கு வேறு யார் இருந்தார்கள்?

விமான நிலையத்தில் அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். விலகும்போது என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துச் சேர்த்துவைத்துப் பார்த்தாள்.

"இது நான் போட்டது இல்ல."

"அம்மா..."

"கமலா மாத்தலாகிப் போயிட்டா. எடது கைய நானே தனியா போட்டேன். எண்ணிக்கை தப்பி நாலு வரிசை நீளம். இது ரெண்டும் சரியா கீதே!"

வீட்டுக்கு வந்ததும் சுருங்கியதை எடுத்துக் கொடுத்தேன். முகத்தோடு வைத்து மோந்து பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "இதுக்காடி ரெண்டு வருசம் பொய் சொன்ன? அறிவு கெட்டவளே, ஒரு வார்த்த சொன்னா இன்னொண்ணு போட்டிருக்க மாட்டேனா?" என்றாள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

வியாழக்கிழமை அவளை நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். மொய்ரா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள்தானே சீதா!" என்றாள்.

"இன்னா சொல்றா?"

"நீதான் சீதாவான்னு கேக்குறா."

அம்மா என் ஸ்வெட்டரை ஒருமுறை பார்த்தாள். "நான் உல்டான்னு சொல்லு" என்றாள்.

ஒரு மாதம் இருந்துவிட்டுக் கிளம்பும்போது நான் நூற்றுப் பின்னியதை அவள் எடுத்துக்கொண்டாள். சுருங்கியதை என்னிடமே விட்டுப் போனாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை போனில், ஆவடி வெயிலில், இந்த ஊர் ஆட்டின் ரோமத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கழுத்தெல்லாம் வியர்வை. கழற்றும்மா என்றால், "கெடக்கட்டும்டி, நீ பேசு" என்கிறாள்.

எனக்காக இன்னொன்று பின்னிக்கொண்டிருக்கிறேன். வலது கை முடிந்துவிட்டது. இடது கையும் நேற்றே அளவுக்கு வந்துவிட்டது. நிறுத்தாமல் மேலும் நாலு வரிசை போட்டேன்.